சிவப்புப் பூ வந்த ஞாயிற்றுக்கிழமை

பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் பாடம் நடத்துகிறவள் நான். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து, "இதுல ஒரு இடத்துல பழுதுன்னா அதுக்குக் கீழ எதுக்கும் சேதி போகாது" என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை மக்கு இல்லை. வாத்தியார்தான் மக்கு.

என் மகள் வர்ஷினிக்கு ஒன்பது வயதில், இரண்டே நாளில், இரண்டு கால்களும் செயலிழந்தன. இப்போது பதினொன்று நடக்கிறது. பிசியோதெரபி அறைக்கு வெளியே புதிதாக வந்து உட்காரும் அம்மாக்கள் என்னிடம் கேட்பார்கள், "எப்படிங்க ஆரம்பிச்சுது, நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று. வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு விஷயம் இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது. அது வரவேண்டிய இடத்தில் வரும். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் எழுதியது அத்தனையும் பொய்.

எங்கள் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தோப்புக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் செந்திலுக்குக் கொப்பரை வியாபாரம். அடுத்த வாசல் அவருடைய அண்ணன் வீடு. கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்போம். அவருக்குப் பிள்ளை இல்லை. வர்ஷினி பெரியப்பா தோளிலேயே வளர்ந்தவள். அவளுக்குக் காது குத்தியபோது அவர்தான் அழுதார், அவள் இல்லை என்று சொல்லலாம் என்றால் அவளும் ஊரைக் கூட்டினாள். ஊசி என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம்.

அந்த வாரம் அவளுக்குச் சளியும் காய்ச்சலும். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்ததுதான். இரண்டு நாளில் விட்டுவிட்டது. சனிக்கிழமை காலையில், "கால்ல எறும்பு ஊருதுங்கம்மா" என்றாள். பார்த்தேன், எறும்பு இல்லை. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை இருந்தது. "அந்த எறும்பு திங்கக்கெழமை மத்தியானம் எறங்கிப் போயிருமா கண்ணு?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். மத்தியானம் முதுகு வலிக்கிறது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனாள். பொழுது சாய்கையில் டி.வி. முன்னாலிருந்து எழுந்தவள், முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குக் கேலி போனது.

ஊரில் இருக்கும் டாக்டர் அவளுடைய முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார்.

"இது காய்ச்சல் அசதி இல்லைங்க டீச்சர். நரம்பு சமாச்சாரமாட்டத் தெரியுது. கோயமுத்தூர் போயிருங்க. இன்னைக்கே போயிருங்க."

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். கோயமுத்தூர் முக்கால் மணி நேரப் பயணம். துணி எடுக்காமல் போயிருக்கலாம்.

மச்சாண்டார் வாசலில் நின்றிருந்தார். "பூக் கேக்காமப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நம்ம ஊட்டுல யாரும் போனதில்லை அம்மணி. அப்பாவை மட்டும் கேக்காமக் கூட்டிட்டுப் போனோம். எப்படித் திரும்பி வந்தார்னு உனக்கே தெரியும். காலைல ஆறு மணிக்குப் பூசாரி வந்துருவார். வாக்கு வாங்கிட்டு அப்படியே கோயமுத்தூர் போயிருங்க. ஒரு ராத்திரிதானே."

பூக் கேட்பதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் பேப்பரில் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் குலதெய்வத்தின் காலடியில் வைப்போம். எந்தப் பூ வந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வந்த பூதான் சாமியின் வாக்கு. போர்வெல் போடுவதற்கு, வீடு கட்டுவதற்கு, பெண் எடுப்பதற்கு எல்லாம் கேட்போம். எனக்கும் செந்திலுக்கும் கல்யாணம் ஆனதே ஒரு வெள்ளை அரளியின் தயவால்தான். ஆகவே அதைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

செந்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் படித்தவள், அதிலும் அதே பாடத்தைப் படித்தவள். நான் வேண்டாம் என்றிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். "ஒரு ராத்திரிதானுங்களே" என்று நானும் சொன்னேன்.

விடிந்தபோது அவளால் நிற்கவே முடியவில்லை. செந்தில் தூக்கிக்கொண்டார். கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. வெள்ளை வந்தால் உடனே ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வீட்டிலேயே வைத்துப் புதன்கிழமை வரை பார்ப்பது என்று மச்சாண்டார் சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டார். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வைத்து, தீர்த்தம் தெளித்து, கற்பூரம் காட்டினார். எடுப்பதற்கு வேறு பிள்ளை இல்லை.

"பாப்பாவே எடுக்கட்டுமுங்க. அதுக்கு மிஞ்சுன வாக்கு ஏது?" என்றார் பூசாரி.

செந்தில் அவளை ஏந்தியபடியே குனிந்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் கை ஒரு பொட்டலத்தின் மேல் போய், அங்கிருந்து நகர்ந்து, இன்னொன்றை எடுத்தது. பிரித்தார்கள். சிவப்பு.

மச்சாண்டார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமி சொல்லிப்போட்டுது. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். எனக்கும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. சந்தோஷமாகவே இருந்தது. வரும் வழியில் நிறுத்தி நாலு இட்லி சாப்பிட்டேன். அந்தப் பசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மத்தியானம் அவள் தூங்கினாள். நான்கு மணி வாக்கில் போர்வையைச் சரிசெய்யும்போது அவள் அடிவயிறு கையில் தட்டுப்பட்டது. கெட்டியாக, உப்பலாக இருந்தது. காலையிலிருந்து அவள் ஒண்ணுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கண்ணு, ஒண்ணுக்கு வருதா?"

"தெரியலைங்கம்மா."

வரவில்லை என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்றாள். சிறுநீர்ப்பை நிரம்பிய சேதி மூளைக்குப் போகவில்லை. நான் வருடக்கணக்காகப் போட்ட படம் என் பிள்ளையின் முதுகுக்குள் நடந்துகொண்டிருந்தது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்கு ஓடினேன்.

"புதன்கெழமை வரைக்கும்..." என்று மச்சாண்டார் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செந்தில் சாவியை இரண்டு முறை கீழே தவறவிட்டார். "நகுந்துக்க தம்பி, நான் ஓட்டறேன்" என்று மச்சாண்டாரே உட்கார்ந்தார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் முதலில் குழாய் போட்டார்கள். பை நிரம்பி, இன்னொரு பை மாற்றினார்கள். பிறகு நரம்பு டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார்.

"குத்துதா பாப்பா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

வர்ஷினியின் முகத்தில் ஆச்சரியம். என் பக்கம் திரும்பி, "அம்மா, ஊசி வலிக்கவே இல்லீங்கம்மா!" என்றாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவளைப் போல அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. ஊசி தொப்புளுக்கு மேலே வந்த பிறகுதான் "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்தாள். அந்த வலியைப் பார்த்து நான் கும்பிட்டேன். அங்கேயாவது இருக்கிறதே.

"எப்ப இருந்து கால் வரலைங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இன்னைக்குக் காலைல இருந்துங்க" என்றார் செந்தில். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வேண்டும், கொட்டு அடிப்பது போலச் சத்தம் வரும். பிறகு முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். முடிவு வந்தது. நோயின் பெயர் டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ். காய்ச்சல் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்தத் தண்டுவடத்தையே தாக்கிவிடுவது. தாக்கின இடத்தில் வீங்கிவிடும், அதற்குக் கீழே சேதி போகாது, வராது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருமா என்கிற அபூர்வம். யாரிடமிருந்தும் ஒட்டாது, பரம்பரையிலும் வராது. நாம் எதைத் தின்னக் கொடுத்தோம், எதில் விழவிட்டோம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புது அம்மாக்களே, இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். வீக்கத்தை வற்றவைக்கிற மருந்து. போதவில்லை என்றதும், ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் இருக்கும் கெட்ட நீரைப் பிரித்து, நல்லதைச் சேர்த்துத் திருப்பி ஏற்றும் சிகிச்சை. கழுத்தில் பெரிய குழாய் போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் அது நடந்தது. செலவைப் பற்றி எழுதப்போவதில்லை. என் நகையும் செந்திலின் லாரியும் போயின, அவ்வளவுதான். லாரிக்காக அவர் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை.

ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அத்தனை பேரும் எழுந்து நிற்போம், நம் பிள்ளை இல்லை என்றதும் உட்காருவோம். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். அவருடைய பையனுக்கு வேறு நோய். தினமும் என் தலையை அவர்தான் பின்னிவிடுவார். "பாப்பா உள்ள இருந்து பாக்கறப்ப அம்மா பைத்தியக்காரியாட்ட இருக்கக்கூடாதுங்க" என்பார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் நாற்காலி காலியாக இருந்தது. என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மச்சாண்டார் தினமும் தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவருவார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்குப்போசியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தூரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். வர்ஷினி உள்ளே கூப்பிட்டாலும் போகமாட்டார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கால் அப்படியேதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில், "ஒரு வாய் சாப்புடு அம்மணி" என்று வந்தார்.

"உங்க பூவாலதானுங்க என்ற புள்ள இப்படிக் கெடக்கறா. கொண்டு போங்க உங்க சோத்தை!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மச்சாண்டாரிடம் குரல் உயர்த்திப் பேசிய முதல் மருமகள் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருப்பேன். அவர் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தார். அந்த வார்த்தைக்கு நான் போன மாதம்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்படிக் கத்திய அன்று சாயங்காலமே டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். செந்தில் சொன்னது பொய், கால் வராதது சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து, ஒரு முழு நாளைக் கோயிலில் விட்டோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கே வந்திருந்தா நடந்திருப்பாளான்னு கேக்க வந்திருக்கீங்க. சீக்கிரம் வர்றது நல்லதுங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க பொண்ணு நடந்திருப்பாளான்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர். முதல் மணி நேரத்துல வந்தும் நடக்காத குழந்தைங்க இருக்காங்க. தெரியும்னு சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க."

தண்டனை கேட்டுப் போனவளுக்கு இப்படிப் பதில் சொன்னால் அவள் எங்கே போவாள்? உறுதியாக ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் எழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மூன்றாம் வாரம் இடது கால் பெருவிரல் அசைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, "ஏய், ஆடு" என்று அதட்டினாள். ஆடியது. பிசியோ செய்கிற அண்ணன் கைதட்டினார். செந்தில் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அந்த விரலுக்குப் பிறகு எல்லாம் வரும் என்று நம்பினோம். இடது தொடை கொஞ்சம் வந்தது. வலது கால் வரவேயில்லை.

இப்போது அவள் சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போகிறாள். காலுக்குக் கம்பி வைத்த காலிபர் மாட்டி, வாக்கரைப் பிடித்தால் வாசல் வரைக்கும் வருவாள். வந்து சேர்ந்ததும் வேர்த்துக் கொட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் அதில் பாதி வேலை. சோம்பினால் கிருமி சிறுநீரகம் வரை போய்விடும். மத்தியான இடைவேளையில் என் பள்ளியிலிருந்து ஸ்கூட்டியில் அவள் பள்ளிக்கு ஓடுவேன். தலைமையாசிரியை அவள் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அவளுடைய சிநேகிதி ஒருத்தி நாற்காலியைத் தள்ளுகிறேன் என்று ரேஸ் விட்டு இருவரும் குரோட்டன்ஸ் செடிக்குள் விழுந்தார்கள். அன்று நான் திட்டவில்லை. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

போன மாதம் டாக்டரம்மா, வலது குதிகால் தசைநார் சுருங்கிப் பாதம் கீழே வளைகிறது, சின்ன ஆபரேஷன் செய்து நீட்டிவிட்டால் காலிபர் சரியாகப் பொருந்தும் என்றார். வீட்டுக்கு வந்து மச்சாண்டாரிடம் சொன்னோம். யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்:

"பூவெல்லாம் வேண்டாம் தம்பி. டாக்டர் எந்தத் தேதி சொல்றாங்களோ அன்னைக்குப் போங்க. நான் பூக் கேக்கறதை உட்டுப்போட்டேன்."

அவர் போன பிறகு வர்ஷினி அழ ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கழுத்தில் குழாய் போட்டபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. காலிபர் பட்டையைக் கழற்றிக்கொண்டே சமாதானம் சொன்னேன். அதில்லை என்று தலையை ஆட்டினாள்.

"பெரியப்பா பூக் கேக்கறதையே உட்டுப்போட்டாருங்க. என்னாலதானுங்கம்மா."

"உன்னால என்ன கண்ணு?"

"பூசாரி தண்ணி தெளிச்சாரில்லீங்களா, பேப்பர் நனைஞ்சு உள்ள இருந்த செவப்பு தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி போடுவாங்கன்னு நான் பாத்து செவப்பை எடுத்துப்போட்டேன். சாமி எடுக்கலீங்கம்மா. நான்தான் எடுத்தேன். வெள்ளையை எடுத்திருந்தா நடந்திருப்பேன்."

ஒன்பது வயதில் செய்ததை இரண்டு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஊசி வலிக்கவே இல்லை என்று அன்று சிரித்தாளே, அந்த நிமிஷத்திலிருந்தே சுமந்திருப்பாளோ என்னவோ.

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இதுதான். செந்திலின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த ஈரப் பேப்பர் தெரிந்தது. சிவப்பு எது என்று தெரிந்தது. அவள் கை வெள்ளையின் மேல் போய், நகர்ந்து, சிவப்புக்கு வந்ததையும் பார்த்தேன். "மறுக்கா மடிச்சு வையுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பூசாரி வைத்திருப்பார், அது வழக்கத்தில் உள்ளதுதான். சொல்லவில்லை. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மச்சாண்டாரை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தேன் என்று சொன்னேன். பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கண்ணையே பார்த்தாள்.

"நெசமாவாங்கம்மா? நான் அழறேன்னு சொல்றீங்களா?"

"நெசமாத்தான். உன்ற மேல சத்தியமா."

"நீங்களும் பயந்துட்டீங்களா?"

"ஆமா கண்ணு. உன்னையவிட அதிகமா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்பப் பாதி நீங்க, பாதி நான்."

"முழுசும் எனக்குக் குடுத்துரு சாமி. நான்தானே பெரியவ."

"இல்லீங்கம்மா. பாதிதான்" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் அவள் தரவில்லை.